காட்டுக்கொட்டாய்க் கழிப்பறை – 7: காரையில் கிடக்கும் உரம்

குழாயும் செப்டிக் டேங்கும் இல்லாத காட்டுக்கொட்டாய்க்கு மட்கும் கழிப்பறையே போதும் என்று போன வாரம் நிறுத்தினோம். மலம் விழும் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தால் சரி. இந்த வாரம் செங்கல், சிமென்ட் கணக்கு சொல்வதாக இருந்தது. நடுவில் காரை வந்து புகுந்துவிட்டது.

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூருக்குக் கிழக்கே, காரை கிராமத்தை ஒட்டி, மழை அறுத்துப்போட்ட செம்மண்ணும் களிமண்ணுமான பொட்டல் ஒன்று இருக்கிறது. பத்து கோடி ஆண்டுக்கு முன் அது கடலின் அடித்தரை. பெலம்னைட் என்னும் கடல் உயிரியின் புதைபடிமமும், வெயிலில் மினுங்கும் ஜிப்சத் தகடுகளும் காலில் இடறும். அவற்றுக்கு நடுவே கருத்த, கரடுமுரடான உருண்டைகளும் உண்டு. பார்த்தால் வெறும் கல். அத்தனையும் பாஸ்பேட்! காரை, ஊட்டத்தூர்ப் பகுதியில் இவை கிடப்பதை வெள்ளைக்காரன் காலத்துப் புவியியலாளர்களே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் களிமண்ணில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் உருண்டையை நம்பி உரத்தொழில் நடத்த முடியுமா? நாட்டுக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் கப்பலில் வருகிறது. பாஸ்பேட் சேர்ந்த டிஏபி உர மூட்டைக்குத்தான் பெரம்பலூர் மக்காச்சோளக்காரர் சொசைட்டி வாசலில் நிற்கிறார்.

இதைக் கழிப்பறைத் தொடரில் ஏன் சொல்கிறேன்? 1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி தங்கம் எடுக்கப் பார்த்தார். மூலப்பொருளாக அவர் பிடித்துக்கொண்டது மனித மூத்திரம். அதை நாள்கணக்கில் புளிக்கவைத்து, பாகாகும்வரை காய்ச்சி, மேலும் எரித்தார். அந்தத் தெருக்காரர்கள் எப்படிப் பொறுத்தார்களோ! தங்கம் வரவில்லை. இருட்டில் தானே ஒளிரும் வெண்மையான ஒரு பொருள் வந்தது. பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸ் மனிதன் கைக்குக் கிடைத்த முதல் வழி அதுதான், பாறையெல்லாம் பிற்பாடு.

ஒரு ஆள் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். உடம்பு வெளியேற்றும் தழைச்சத்தில் மிகப் பெரும்பங்கும் மணிச்சத்தான பாஸ்பரஸில் பாதிக்கு மேலும் அதில்தான் இருக்கின்றன. கோமியத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பஞ்சகவ்யம் தயாரிப்பவர் தன் சரக்கென்றால் மட்டும் மூக்கைப் பொத்துகிறார்.

பொத்தாத ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. முசிறி. 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் முசிறி இருக்கும் திருச்சி மாவட்டம்தான். காவிரிக் கரை என்பதால் அங்கே தோண்டினால் தண்ணீர், குழிக் கக்கூஸ் எடுபடாது. ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன் தரைக்கு மேலேயே இரட்டைத் தொட்டி கட்டவைத்தார். ஒரு தொட்டி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்கு மாறவேண்டும். சிறுநீர் முன்பக்கத் துளையில் போகும், கால் கழுவும் தண்ணீர் தனியே ஓடிக் கல்வாழைப் பாத்திக்குப் பாயும். சாலியர் தெருவில் பொதுக் கழிப்பறையும் இப்படியே வந்தது. 2008 வாக்கில் அங்கே போய்வருபவருக்கு ஒரு தடவைக்குப் பத்து பைசா கொடுத்தார்கள். மற்ற ஊர்க் கட்டணக் கழிப்பறையில் நாம் கொடுக்கிறோம், முசிறியில் வாங்கிக்கொண்டு வந்தார்கள்! சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரில் உப்பு உண்டு. ஏற்கெனவே உப்புப் பூத்த நிலத்துக்கு இது ஆகாது. மற்ற நிலத்தில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரோரம் மண்ணில் ஊற்ற வேண்டும். சின்ன வெங்காயம் போலப் பச்சையாகக் கடிக்கிற பயிரை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியைத் திறந்து மட்கியதை அள்ளுவது யார் என்று கேட்கிறீர்கள். கட்டியவர்தான். அதற்கும் ஓர் ஆளைத் தேடி, நாம் காலங்காலமாக மலம் அள்ளவைத்த மக்களின் தெருவுக்கே போய்க் கூப்பிடுவதானால் கட்டவே வேண்டாம். மூடிவைத்து ஓராண்டு தாண்டினால் நாற்றமில்லாத மண்தான் இருக்கும். அதை எடுக்கக் கூசுகிறவர் அடுத்தவரை எடுக்கச் சொல்வது அநியாயம்.

செங்கல் கணக்கு அடுத்த வாரம், நிச்சயம். அதற்குள் ஒரு வேலை பாருங்கள். போய்வந்த ஒவ்வொரு முறையும் மலத்தின்மேல் தூவச் சாம்பல் வேண்டும். காஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பல் ஏது? பக்கத்து அரிசி ஆலையில் கேட்டால் உமிச் சாம்பல் கிடைக்கும். சலித்து, ஈரம் படாமல் மூடியுள்ள டின்னில் சேர்த்து வையுங்கள்.