வேகம் எங்கே தொலைந்தது?

“அப்பா, நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்!”

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கைபேசியை என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டு இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றி மூன்று நாள்கள்தான் ஆகியிருந்தன. பழைய இணைப்பின் வேகம் நொடிக்கு 40 மெகாபிட். புதிய நிறுவனம் 200 மெகாபிட் தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் வேகச் சோதனையில் கைபேசி காட்டியது வெறும் 16.

“பழைய இணைப்பிலும் இதே 16தானே வந்தது? பிறகு எதற்காக மாற்றினோம்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. உடனே நிறுவனத்துக்குப் புகார் செய்தேன். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். வாசல் சுவரில் பொருத்தியிருந்த ஒளியிழைப் பெட்டியைச் சோதித்துவிட்டு, “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, சார்” என்றார். நான் நம்பவில்லை. வந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று இரண்டாவது புகாரைச் சற்றுக் கடுமையாகவே எழுதினேன்.

அன்றிரவு ஓர் எண்ணம் உறுத்தியது. “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவை மாறாமல் இருக்கட்டும், அளந்த பிறகு முடிவு சொல்லுங்கள்” என்று இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சொல்பவன் நான். வீட்டில் நான் அளந்ததோ ஒரே ஓர் எண்; அதை வைத்து ஒரு மனிதரின் வேலைமீதே குற்றம் சுமத்திவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தோம்.

முதலில் அலகு

அளவீடு என்றால் முதலில் அலகு தெளிவாக இருக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் வேகத்தை ‘பிட்’ கணக்கில் கூறுகின்றன. நாம் இறக்கும் படங்களின் அளவோ ‘பைட்’ கணக்கில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே நொடிக்கு 200 மெகாபிட் என்றால் நொடிக்கு 25 மெகாபைட் மட்டுமே. “200 என்றார்கள், 25தான் வருகிறது” என்று சிலர் வருந்துவது உண்டு. அவர்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது. எங்கள் கைபேசி காட்டிய 16, மெகாபிட்தான் என்பதை உறுதி செய்துகொண்டோம்.

மூன்று வாசல்கள்

திருவிழா நாளில் கோயிலுக்குள் செல்லும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் மூன்று வாசல்கள். முதல் வாசலில் நிமிடத்துக்கு 40 பேர் நுழையலாம். இரண்டாவதில் 100 பேர். மூன்றாவதில் 60 பேர். சந்நிதியை நிமிடத்துக்கு எத்தனை பேர் அடைவார்கள்? 40 பேர்தான். இப்போது முதல் வாசலை இடித்து 200 பேர் நுழையும்படி அகலமாக்கிவிட்டோம். சந்நிதிக்கு 200 பேர் வருவார்களா? மாட்டார்கள். 60 பேர்தான் வருவார்கள். இதுவரை தொந்தரவு தராத மூன்றாம் வாசல் இப்போது நெரிசலாகிவிடும்.

இணையமும் இப்படித்தான். தகவல் ஒளியிழை வழியாக வாசல் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கம்பி வழியாகக் கூடத்திலுள்ள ரூட்டருக்குச் செல்கிறது. ரூட்டரிலிருந்து வானொலி அலையாகக் காற்றில் பரவிக் கைபேசியை அடைகிறது. நிறுவனத்தை மாற்றியபோது நாங்கள் அகலமாக்கியது முதல் வாசலை மட்டுமே. ரூட்டரும் கம்பியும் கைபேசியும் பழையவை. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ணிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

அளந்த எண்கள் இவை (எல்லாம் நொடிக்கு மெகாபிட்):

படுக்கையறையில் கைபேசி — 16
ரூட்டர் அருகில் கைபேசி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை — 41
ரூட்டர் அருகில் கைபேசி, 5 கிகாஹெர்ட்ஸ் அலை — 92
ரூட்டரில் கம்பியால் இணைத்த கணினி — 94
வாசல் பெட்டியில் நேராகக் கம்பியால் இணைத்த கணினி — 198

கடைசி எண்ணைப் பார்த்ததும் மகள் என்னைப் பார்த்தாள். அந்த இளைஞர் சொன்னது உண்மை. 200 மெகாபிட் எங்கள் வாசல்வரை வந்துவிட்டது. அதைத் தொலைத்தது எங்கள் வீடு!

காற்றில் தொலைந்தது

வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒளியின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களைக் கடப்பதில் சற்றுத் தேர்ந்தது. ஆனால் அதில் கிடைக்கும் இடம் குறைவு. ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் மூன்றே மூன்றுதான் தேறும்: 1, 6, 11. பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத் கருவிகள், நுண்ணலை அடுப்பு ஆகிய அனைத்தும் அதே பகுதியில் இரைச்சல் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவர் அதை எளிதில் மங்கச் செய்துவிடும்.

எங்கள் கைபேசி பழைய பழக்கத்தில் 2.4 அலையையே பிடித்துக்கொண்டிருந்தது. பழைய இணைப்பு தந்ததே 40 என்பதால் அந்த அலையின் 41 அப்போது போதுமானதாக இருந்தது.

41 எப்படிப் படுக்கையறையில் 16 ஆயிற்று? தடையில்லாத வெளியில், தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். இது போதாதென்று, ரூட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே எங்கள் இரும்பு பீரோ நின்றது! உலோகம் வானொலி அலையை ஊடுருவ விடாது, திருப்பி அனுப்பிவிடும். பீரோவின் கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியும் உதவாது. அதன் பின்புறப் பூச்சும் உலோகமே. சுற்றுவழியில், சுவர்களில் பட்டுத் தெறித்து வந்த மிச்ச அலைதான் கைபேசிக்குக் கிடைத்தது.

94 சொன்ன துப்பு

இனி எஞ்சியது ஒரு புதிர். வாசலில் 198, ரூட்டரில் 94. ஏன் 120 இல்லை? ஏன் 70 இல்லை? எத்தனை முறை அளந்தாலும் 94ஐத் தாண்டவில்லை. பழுது என்றால் எண் ஏறி இறங்குவதுதான் வழக்கம். ஒரே எண்ணில் அசையாமல் நின்றால், அங்கே ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்று பொருள்.

வீட்டுக் கணினிக் கம்பிகள் நொடிக்கு 100 மெகாபிட், 1000 மெகாபிட் போன்ற சில குறிப்பிட்ட வேகங்களில்தான் இயங்கும். தகவல் அதில் பொட்டலங்களாகச் செல்கிறது. ஒரு பொட்டலம் கம்பியில் 1538 பைட் இடத்தை எடுத்துக்கொண்டால், நமக்கு வேண்டிய சரக்கு சுமார் 1450 பைட்தான். மீதி, முகவரியும் பிழை சரிபார்க்கும் எண்ணும் இடைவெளியும். 1450ஐ 1538ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 0.94. நூறு மெகாபிட்டில் 94! ஆகவே எங்கள் கம்பி 100 மெகாபிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன்? அந்தக் கம்பிக்குள் எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு ஜோடிகளாக இருக்கும். முறுக்குவதற்கும் காரணம் உண்டு. வெளியிலுள்ள மின்கருவிகள் கம்பியில் தூண்டும் இரைச்சல், அடுத்தடுத்த முறுக்கில் எதிர்த்திசையில் தூண்டப்படுவதால் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். மகள் கம்பியின் முனையிலிருந்த கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வந்து சேர்ந்தவை நான்கே கம்பிகள். மற்ற நான்கும் வெளியுறைக்குள்ளேயே வெட்டி விடப்பட்டிருந்தன! பழைய 40 மெகாபிட் காலத்தில் போட்ட கம்பி அது. அன்று நான்கு போதும். ஆகவே ஆண்டுக்கணக்கில் யாருக்கும் குறை தெரியவில்லை.

எட்டும் சரியாக இணைந்த புதிய கம்பி வாங்கிப் போட்டோம். ரூட்டரைப் பீரோவுக்கு எதிர்ப்பக்கம், உயரமான அலமாரியில் வைத்தோம். கைபேசியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாற்றினோம். ரூட்டரில் இணைத்த கணினி 197 காட்டியது. படுக்கையறைக் கைபேசி 110 காட்டியது.

திங்கட்கிழமை காலை நிறுவனத்தைக் கூப்பிட்டு, குறை எங்கள் கம்பியில்தான் இருந்தது என்று சொல்லி இரண்டு புகார்களையும் திரும்பப் பெற்றேன். அந்த இளைஞரையும் அழைத்துப் பேசினேன். “பரவாயில்லை, சார். வீட்டுக்கு வீடு இதே கதைதான்” என்று சிரித்தார்.

நிறுவனத்தின் பக்கம் குறை இருக்காதா?

இருக்கலாம். அதையும் அளந்தே கண்டுபிடிக்க வேண்டும். வீடுகளுக்கு வரும் ஒளியிழை அமைப்பில் பரவலாக உள்ள ஒரு வகையில், நிறுவனத்திலிருந்து புறப்படும் ஓர் இழை நொடிக்குச் சுமார் 2500 மெகாபிட் சுமக்கிறது. வழியில் அது பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகள்வரை செல்லக்கூடும். 64 வீடுகளுக்கும் 200 என்றால் 12,800 வேண்டுமே! எல்லாரும் ஒரே நொடியில் இழுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. இரவு 9 மணிக்கு அந்த நம்பிக்கை பொய்க்கலாம். வாசல் பெட்டியில் நேராக அளந்தபோது, விடியற்காலையில் 198உம் இரவில் 60உம் வந்தால், அப்போது புகார் செய்வது நியாயம்.

இழையைக் கூர்மையாக மடித்தாலும் குறை நேரும். கண்ணாடி இழைக்குள் ஒளி முழு அக எதிரொளிப்பால் செல்கிறது. மடிப்பில் படுகோணம் மாறுநிலைக் கோணத்தைவிடக் குறைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே இழையைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள். இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி.

நீங்களும் செய்து பாருங்கள்

1. கைபேசியில் அலைவரிசையையும் வேகச் சோதனைச் செயலியையும் மாற்றாமல், வீட்டில் ஐந்து இடங்களில் மும்மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். வீட்டின் வரைபடத்தில் எண்களைக் குறியுங்கள். எந்தப் பொருளின் பின்னால் எண் விழுகிறது?

2. அதே இடங்களில் மற்ற அலைவரிசையில் அளந்து ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் இரண்டும் இடம் மாறுகின்றன?

3. கைபேசியை ஒரு மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து, இன்னொரு கைபேசியிலிருந்து இணையம் வழியாக அதற்குச் செய்தி அனுப்புங்கள். மணி ஒலிக்கிறதா? மூடியைச் சற்றுத் திறந்தால் என்ன ஆகிறது? காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.