இந்தியா கிட்டாத ஜெனரல்

பாண்டிச்சேரியை ஆள வந்தவருக்குக் கிடைத்தது ஒரு தீவு. அவர் தோற்று இரு நூற்றாண்டுகள் ஆகியும் அங்கே நிலைத்திருக்கிறது அவர் அமலாக்கிய சட்டம்.

1803 ஜூலை 11. 'மரெங்கோ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் பாண்டிச்சேரிக்கு எதிரே வந்து நின்றது. அதில் இருந்த ஜெனரல் ஷார்ல் டெகானுக்கு வயது 34. இந்தியாவில் உள்ள பிரெஞ்சுப் பகுதிகள் அனைத்துக்கும் கேப்டன் ஜெனரலாக அவரை நியமித்திருந்தார் நெப்போலியன். ஆனால் ஆளவேண்டிய நகரத்தில் பறந்துகொண்டிருந்தது பிரிட்டிஷ் கொடி.

1802-ஆம் ஆண்டின் ஆமியன் ஒப்பந்தப்படி பாண்டிச்சேரி பிரான்சுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அந்த அவசரம் இல்லை. திப்பு சுல்தானை வீழ்த்தி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. மறுபடியும் பிரெஞ்சுக்காரர்களைக் கரையேற்ற அவர் விரும்பவில்லை. அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருந்தது. கம்பெனி ஆட்சியில் புழுங்கும் இந்திய மன்னர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் டெகானுக்கு ரகசிய உத்தரவு. நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் புகழ் ஒருநாள் வாய்க்கலாம் என்றும் அவருக்கு ஆசை காட்டியிருந்தார் நெப்போலியன்.

மறுநாளே பிரான்சிலிருந்து வேகக் கப்பல் ஒன்று செய்தியோடு வந்தது: போர் நெருங்குகிறது, மொரீஷியஸுக்குப் போய்விடுங்கள். இரவோடு இரவாகக் கப்பல்கள் நழுவின. முன்னதாகக் கரையிறங்கியிருந்த சிறு படைப்பிரிவு பாண்டிச்சேரியிலேயே சிக்கிக்கொண்டு, பின்னர் பிரிட்டிஷாரிடம் கைதானது. டெகானின் இந்திய அத்தியாயம் இரண்டே நாளில் முடிந்தது.

இப்படித் திரும்பிப் போகும் ரகமல்ல அவர். நார்மண்டியின் கான் நகரில் பிறந்து, கடற்படையில் பீரங்கி வீரராக இருந்து, பிறகு சட்டம் பயின்றவர். 1792-இல் புரட்சிப் படையில் தொண்டராகச் சேர்ந்தார். எட்டே ஆண்டுகளில் டிவிஷன் ஜெனரல். பிறப்பைப் பார்க்காமல் திறமைக்குக் கதவு திறந்த புரட்சியின் பிள்ளை. 1800 டிசம்பர் 3-இல் ஹோஹென்லிண்டனில் ஆஸ்திரியப் படையை முறியடித்த வெற்றியில் அவருடைய டிவிஷனுக்கு முக்கியப் பங்குண்டு.

அன்று 'இல் த பிரான்ஸ்' என்று அழைக்கப்பட்ட மொரீஷியஸில் அவர் காலனிச் சபையைக் கலைத்தார், பள்ளி திறந்தார், மாயேபூர் நகரை நிறுவினார். 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொனேயின் பெயரால் அமைந்த நகர் அது. லபூர்தொனே காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அந்தத் தீவுக்குப் போயிருந்தார்கள்.

ஆனால் புரட்சியின் சமத்துவம் தீவின் கரையோடு நின்றுவிட்டது. மக்களில் பெரும்பாலோர் அடிமைகள். அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். 1794-இல் பாரிஸ் அறிவித்த அடிமை ஒழிப்பைத் தோட்ட முதலாளிகள் அமலாக்கவே விடவில்லை. 1802-இல் நெப்போலியன் அடிமை முறைக்கு மீண்டும் சட்ட அங்கீகாரம் தந்தார். அதை அமல்படுத்தினார் டெகான். 1804-இல் பிரான்சில் பிறந்த சிவில் சட்டத்தைத் தீவுக்குக் கொண்டுவந்தபோதும், வெள்ளையருக்கும் வெள்ளையர் அல்லாதவருக்கும் இடையே திருமணத்தைத் தடுக்கும் விதிகளைக் கூடவே சேர்த்தார்.

கோபக்காரர், பிடிவாதக்காரர். ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸ் 1803 டிசம்பரில் பழுதான கப்பலோடு ஒதுங்க, ஒற்றர் என்று பிடித்துவைத்தார். விடுவிக்கச் சொல்லி நெப்போலியன் அரசிடமிருந்து அனுமதி வந்த பிறகும் ஃபிளிண்டர்ஸ் வெளியேற 1810 ஆயிற்று. கம்பெனிக் கப்பல்களுக்குச் சிம்ம சொப்பனமாக இருந்த சுர்கூஃபோடும் மோதி, அவர் கப்பலை அரசுக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தக் கப்பல் வேட்டைதான் தீவுக்கு வினையாயிற்று. இந்திய வணிகத்துக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கம்பெனியால் பொறுக்க முடியவில்லை. 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர்கள் வென்றார்கள். நவம்பர் இறுதியில் பெரும் படை வந்திறங்கியது. அதில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். எந்த மண்ணில் டெகான் படை திரட்ட நினைத்தாரோ, அந்த மண்ணின் வீரர்கள் எதிரியின் சீருடையில் வந்தார்கள். டிசம்பர் 3-இல் அவர் சரணடைந்தார். ஹோஹென்லிண்டன் வெற்றிக்குச் சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள்.

ஆனால் வக்கீல் படிப்பு வீண்போகவில்லை. அவர் பெற்ற நிபந்தனைகள் அபூர்வமானவை: படையினர் போர்க் கைதிகள் ஆகாமல் பிரான்ஸ் திரும்பலாம்; தீவு மக்களின் மதம், சட்டம், பழக்கவழக்கம் தொடரும்.

பிறகு ஸ்பெயினில் கேட்டலோனியாப் படைக்குத் தலைமை; 1815-இல் நெப்போலியனுக்குத் துணைபோனதற்காகச் சிறை. 1832-இல் காலரா அவர் உயிரைப் பறித்தது. பாரிஸின் வெற்றி வளைவில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதைவிட உயிரோட்டமான நினைவுச் சின்னம் மொரீஷியஸில் இருக்கிறது. 1835-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. 1834 முதல் சுமார் நான்கரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். டெகானின் நிறவெறி விதிகள் மறைந்துவிட்டன. ஆனால் இன்றும் மொரீஷியஸின் சிவில் சட்டத்துக்கு அடிப்படை அந்தப் பிரெஞ்சுச் சட்டம்தான். பாகப்பிரிவினைக்கு வழக்கு மன்றம் ஏறும் மொரீஷியஸ் தமிழரும் அதன் கீழ்தான் வாதாடுகிறார். இந்தியா வராமலே திரும்பிய ஜெனரலுக்கு, வாக்களிக்கப்பட்ட நெடுங்காலப் புகழ் அந்த வழியில்தான் வாய்த்தது.