யாழ்ப்பாணத்துக் கல்வி ஆய்வுகளில் நவீன திறன்கள்

யாழ்ப்பாணத்தில் கல்வியியலில் உயர்பட்ட ஆய்வு செய்வோரில் பெரும்பாலானோர் முழுநேர ஆய்வாளர்கள் அல்லர். பாடசாலையில் கற்பித்துக்கொண்டே படிக்கும் ஆசிரியர்கள், அதிபர்கள், ஆசிரிய ஆலோசகர்கள், வலயக் கல்விப் பணிமனை உத்தியோகத்தர்கள் ஆகியோரே இந்தத் துறைக்கு வருகிறார்கள். இங்கு எழுதப்படும் கல்வி முதுமாணி, முதுதத்துவமாணி ஆய்வேடுகளின் பலமும் பலவீனமும் இந்த நிலையிலிருந்தே தொடங்குகின்றன. வகுப்பறையில் அன்றாடம் காணும் சிக்கலை ஆய்வுப் பிரச்சினையாக எழுத அவர்களால் முடிகிறது. அதே வகுப்பறையை விலகி நின்று பார்ப்பதுதான் கடினம்.

நவீன திறன்கள் என்று இந்த ஆய்வேடுகள் எடுத்துக்கொள்பவற்றில் நான்கு முதன்மையானவை: நுண்ணாய்வுச் சிந்தனை, ஆக்கத்திறன், தொடர்பாடல், கூடிச் செயற்படல். இவற்றோடு கணினித் தேர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. பெயர் புதிதானாலும் நாட்டம் பழையது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. தேசியக் கல்வி ஆணைக்குழு 2003இல் ஏழு அடிப்படைத் தேர்ச்சிகளை வகுத்தது. 2007இல் தரம் 6இலும் தரம் 10இலும் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் தொடங்கியது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளில் பாடம் நடத்தும்படி ஆசிரியருக்குச் சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆய்வேடுகள் பலவற்றுக்கு இந்தச் சீர்திருத்தமே தொடக்கப்புள்ளி. கலைத்திட்டம் சொன்னது ஒன்று, வகுப்பில் நடந்தது வேறொன்று. அந்த இடைவெளியில்தான் ஆய்வுத் தலைப்புகள் பிறந்தன.

கணினி பற்றிய ஆய்வுக்குத் தனிக் கதை உண்டு. 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டபின் ஒரு தலைமுறை மாணவர் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினர். 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையும் மூடப்பட்டது. மின்சாரமே இல்லாத ஊரில் கணினித் திறனை அளப்பதற்கு என்ன இருக்கிறது? 2009இல் போர் முடிந்து பாதை திறந்தபின், எத்தனை பாடசாலையில் கணினிக்கூடம் உண்டு, எத்தனை ஆசிரியருக்குப் பயிற்சி உண்டு என்ற எண்ணிக்கைக் கேள்விகள் முதலில் எழுந்தது இயல்பானதே. இப்போது கேள்வி நகர்ந்திருக்கிறது. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழினுட்பம் மூன்றும் ஆசிரியரிடம் எவ்வாறு இணைகின்றன என்பதை விளக்க மிஷ்ராவும் கோலரும் 2006இல் முன்வைத்த சட்டகம் உலகெங்கும் கல்வி ஆய்வுகளில் கையாளப்படுகிறது. கூடத்தில் கணினி இருப்பதையும் கணிதம் கற்பிக்க அது பயன்படுவதையும் வேறுவேறாகப் பார்க்க அது உதவுகிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆய்வின் திசை மறுபடி மாறியது. சூம் வகுப்பும் வட்ஸ்அப்பில் வந்த செயலட்டையும் திடீரென ஆய்வுப்பொருளாயின. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. குறிகட்டுவானில் படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவுப் பாடசாலையையும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள நகரத்து 1ஏபி பாடசாலையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதை பாடசாலைகள் மூடிக்கிடந்த அந்தக் காலம் அழுத்தமாகக் காட்டியது. வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதற்கு மூன்று பிள்ளைகள் என்ற நிலையில் "எண்ணிமத் திறன்" என்பது பொருளாதாரக் கேள்வியாகிவிடுகிறது.

ஆய்வு முறையைப் பொறுத்தவரை மாற்றம் மெதுவானது. பெரும்பாலான ஆய்வேடுகள் அளவைநிலை ஆய்வுகளே. ஒரு வலயம் தெரிவு செய்யப்படும், படையாக்கிய எழுமாற்று மாதிரி எடுக்கப்படும், வினாக்கொத்து வழங்கப்படும், நூற்றுவீதமும் கைவர்க்கச் சோதனையும் முடிவைச் சொல்லும். இங்குதான் பெரிய ஓட்டை இருக்கிறது. "மாணவரின் நுண்ணாய்வுச் சிந்தனையை நீர் வளர்க்கிறீரா?" என்று கேட்டால் எந்த ஆசிரியர் இல்லை என்பார்? அப்படிக் கிடைக்கும் விடை ஆசிரியரின் மனப்பாங்கைக் காட்டும். மாணவரின் திறனைக் காட்டாது. திறனை அறிய மாணவர் செய்து முடித்த செயற்றிட்டத்தைப் பார்க்கவேண்டும், குழுவில் அவர்கள் பேசுவதைக் கேட்கவேண்டும், அதே வகுப்பை ஒரு தவணை முழுவதும் அவதானிக்கவேண்டும். பாடசாலையில் வேலையும் பார்த்துக்கொண்டு ஆய்வேட்டையும் குறித்த நாளில் கையளிக்கவேண்டியவருக்கு இது எளிதல்ல. அவருக்குப் பொருத்தமானது செயல்நிலை ஆய்வு: சொந்த வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து, விளைவைப் பதிந்து, திருத்தி மறுபடி செய்வது. பட்டப்பின் கல்வி டிப்ளோமா மட்டத்தில் பழக்கமான இந்த முறை மேல்மட்ட ஆய்வில் இன்னும் இரண்டாந்தரமாகப் பார்க்கப்படுவது நியாயமல்ல.

திறன் ஏன் வகுப்பில் வளரவில்லை என்று தேடும் ஆய்வுகள் வந்து நிற்கும் இடம் பரீட்சை. தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், பின்னர் உயர்தரத்தின் இசட் புள்ளி. குழுச் செயற்பாட்டுக்கு இவற்றில் எதிலும் புள்ளி இல்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு பெயரளவில் இருந்தாலும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது அதுவல்ல. மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் கடந்தகால வினாத்தாள் செய்யும் மாணவருக்குக் காலை வகுப்பின் கண்டறிதல் படி வீண் நேரமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனாலும் ஆய்வேடுகளின் விதந்துரைகளில் பரீட்சை பற்றிய பேச்சைவிட "ஆசிரியருக்கு மேலும் பயிற்சி வழங்கப்படல் வேண்டும்" என்ற வரியே அதிகம் காணப்படுகிறது.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தபின் வினா இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ஒப்படையை மாணவர் எழுதினாரா, பொறி எழுதியதா என்று பிரிக்க முடியாத நிலையில் நுண்ணாய்வுச் சிந்தனையை எழுத்து ஒப்படை கொண்டு அளக்கும் வழி பலவீனப்பட்டுவிட்டது. தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவரிடம் இக்கருவிகள் என்ன செய்கின்றன என்பதை வெளியார் வந்து ஆராயப்போவதில்லை. அது யாழ்ப்பாணத்து ஆய்வாளரின் வேலை.

எழுதியவை எங்கே போகின்றன என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ஆய்வேடு நூலக அலுமாரியிலேயே தங்கிவிட்டால் அது பதவி உயர்வுக்கு மட்டுமே பயன்படும். ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி, ஆய்வு நடந்த வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்களிடம் கையளிப்பதைப் பட்டத்துக்கான நிபந்தனையாகவே பல்கலைக்கழகம் சேர்க்கவேண்டும்.