கோடியக்கரை மணல்மேடுகள்

கோடியக்கரை மணல்மேடுகள், நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கே, கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தின் கடலோரத்தில் அமைந்துள்ளன. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ஆம் ஆண்டில் இச்சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது.

அமைப்பு

கடலோரத்திலிருந்து உள்நோக்கி நடந்தால், மணல்மேடு உருவாகும் விதத்தைப் படிப்படியாகக் காணலாம். அலை எட்டாத வெறும் மணலில் முதலில் படர்வது அடம்பங்கொடி. அதன் கணுக்கள்தோறும் வேர்கள் இறங்கி மணலைப் பிணைக்கின்றன. அடுத்து இராவணன் மீசை என்னும் புல் வளர்கிறது. முள்பந்து போன்ற அதன் காய்க்கொத்து காற்றில் உருண்டோடி விதைகளைப் பரப்புகிறது. இச்செடிகளில் மோதும் காற்று வேகம் குறைந்து, சுமந்துவந்த மணலை அங்கேயே உதிர்க்கிறது. இவ்வாறு மேடு உயர்கிறது. மேட்டுக்கு அப்பால் புதர்களும், பாலை முதலிய மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடும் உள்ளன.

சரணாலயத்தின் உயரமான இடம், மணல்மேட்டின் மீதுள்ள இராமர் பாதம். அதன் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர் மட்டுமே.

பயன்

மணல்மேடுகள் புயல் அலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடர்த்தி மிகுந்த உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. கடலோரக் கிணறுகளில் குடிநீர் கிடைப்பது இதனால்தான்.

பாதுகாப்பு

அடம்பங்கொடி உப்பையும் வெயிலையும் தாங்கும். தொடர்ந்து மிதிபட்டால் அழிந்துவிடும். கொடி அழிந்த இடத்தில் காற்று மணலை வாரிச் சென்று, மேட்டில் பள்ளம் விழுகிறது. புயலின்போது கடல்நீர் அவ்வழியே உட்புகும். எனவே மணல்மேடுகளுக்குச் செல்வோர் ஏற்கெனவே உள்ள பாதையிலேயே நடப்பது அவசியம்.