தழும்பின் மேல் ஒரு பெயர்: பச்சை குத்தும் ஊசியை அறிந்துகொள்வோம்

சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போயிருந்தேன். பாலாவிக் கரையில் சித்தியின் மகன் தன் முன்கையைக் காட்டினான். 2009 இல் செல் பட்ட தழும்பு.

"அக்கா, இதுக்கு மேல அப்பான்ர பேரைப் பச்சை குத்தப் போறன். எந்த ஊசி எண்டாலும் ஒண்டுதான் எண்டு கடைக்காரர் சொல்லுறார். உண்மையோ?"

சித்தப்பா காணாமல் ஆக்கப்பட்டவர். நாங்கள் நின்ற இடத்துக்கு அருகில்தான் 2013 டிசம்பரில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பெயர் எழுதி வைக்க ஓர் இடம் இல்லாத குடும்பங்களுக்கு உடம்பே அந்த இடமாகிவிடுகிறது. அதனால் அவன் கேள்விக்குச் சரியான பதில் தேடினேன்.

எந்த ஊசியும் ஒன்றல்ல. மருந்தேற்றும் ஊசிபோல இதற்குத் துளை இல்லை. பல நுண்ணிய ஊசிகள் சேர்ந்த கட்டு இது. இடைவெளிகளில் தங்கும் மை, தோலின் இரண்டாம் அடுக்கில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் இறங்குகிறது. அதைவிட ஆழம் போனால் மை பரவி எழுத்துக் கலங்கும்.

ஊசிகள் வட்டமாக நெருங்கியிருந்தால் அது கோட்டு ஊசி. உறையில் ஆர்.எல். என்றிருக்கும். எழுத்துக்கு இதுவே ஏற்றது. சற்றுத் தளர்ந்த வட்டம் ஆர்.எஸ்.; சிறிய நிழல்களுக்கானது. இரண்டு வரிசையாகத் தட்டையாக அமைந்தது மேக்னம். பெரிய பரப்பை நிரப்புவதற்கு. அதன் முனை வளைந்திருந்தால் தோலுக்குக் காயம் குறைவு.

உறையில் 1205 ஆர்.எல். என்றிருந்தால், 12 என்பது ஊசியின் தடிப்பு, அதாவது 0.35 மில்லிமீற்றர். 10 என்றால் 0.30, 08 என்றால் 0.25. அடுத்துள்ள 05 ஊசிகளின் எண்ணிக்கை. பெயர் எழுத 3 அல்லது 5 ஊசிக் கட்டுப் போதும். ஆனால் எழுத்தை மிகச் சிறிதாக்க வேண்டாம். காலப்போக்கில் மை விரியும்போது ழ, ண, ற போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும்.

அம்மம்மா காலத்தில் தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியைக் குழைத்துக் குத்தினார்கள். ஒரே ஊசி பலரின் உடம்பிலும் இறங்கியது. இன்று அப்படிச் செய்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்றக்கூடும். தொற்று நீக்கிய ஊசியின் மூடிய உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஊசியும் மீதி மையும் வீசப்பட வேண்டும். மையை இயந்திரத்துக்குள் ஏறவிடாத சவ்வுள்ள கார்ட்ரிட்ஜ் ஊசி இன்னும் பாதுகாப்பானது.

தழும்பு வேறு கதை. அங்கே தோல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் மை சீராகப் பிடிக்காது. ஆறி ஒரு வருடமாவது ஆகாத தழும்பில் குத்தக்கூடாது. புடைத்து வளரும் தழும்பானால், ஊசி பட்டு இன்னும் பெருக்கலாம். உள்ளே இரும்புத் துண்டு இருப்பதாகச் சந்தேகம் இருந்தால், முதலில் வைத்தியரிடம் போங்கள்.

தம்பியின் தழும்பு புடைத்தது. சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மற்றக் கையை நீட்டினான்.

"அப்ப இதில குத்துறன் அக்கா. உறையை நீங்கள் வந்து பாருங்கோ."