வயிற்றுப்போக்கும் பெருங்குடல் நுண்ணுயிர்களும்: வேலூர் தந்த விடை

வயிற்றுப்போக்கு கண்டவரை அழைத்து வரும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "குடிக்கக் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகுமே டாக்டர், வயிற்றைக் காயப்போடலாமா?" காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் முதியவர்கள் சிலர், கண் குழிந்து, நா வறண்டு, சிறுநீர் பிரியாத நிலையில் எங்களிடம் வந்து சேர்வதற்கு இந்த எண்ணமே காரணம்.

அவர்களது அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சிறுகுடலின் சுவரில் குளுக்கோசும் உப்பும் சேர்ந்தே உட்புகும் வழி ஒன்று உள்ளது. தண்ணீர் அவற்றைப் பின்தொடர்ந்து செல்லும். காலரா போன்ற கடும் நோயிலும் இவ்வழி அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிர் காப்பது இதனால்தான். ஆனால் இழந்த நீரை ஈடு செய்யும் அக்கரைசல், மலத்தின் அளவையும் நோய் நீடிக்கும் நாள்களையும் பெரிதாகக் குறைப்பதில்லை. "கொடுத்தும் நிற்கவில்லையே" என்று வீட்டார் பாதியில் நிறுத்திவிடுவதும் அதனால்தான்.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் ஒருவர், அப்போது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் குடல்நோய் வல்லுநராக இருந்த டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா. அவரது கவனம் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குச் சென்றது. அங்கு வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள், செரிக்கப்படாமல் வந்து சேரும் மாவுப்பொருளைப் புளிக்கச்செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் எனப்படும் சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள் பெருங்குடலின் சுவர் வழியே உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் உடன் செல்கின்றன. கடும் வயிற்றுப்போக்கின் தொடக்கத்தில் இவை மலத்தில் குறைந்துவிடுகின்றன என்பதையும், இவற்றை அளித்தால் பெருங்குடல் மீண்டும் நீரை உறிஞ்சுகிறது என்பதையும் அவரும் டாக்டர் வி.ஐ. மாத்தனும் 1993-இல் வெளியிட்டனர்.

அமிலத்தை நேரடியாகக் கொடுப்பதைவிட, அதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு கொடுத்தால் என்ன? சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுப்பொருளை லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஓ.ஆர்.எஸ். கரைசலில் சேர்த்து, 48 காலரா நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஹென்றி பைண்டரும் ஆஸ்திரேலியாவின் கிரேம் யங்கும் உடனுழைத்தனர். வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 91 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, இக்கரைசலைப் பெற்றவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. அரிசி மாவு சேர்த்த கரைசல் இரண்டிற்கும் இடைப்பட்டு, 71 மணி நேரம் எடுத்தது. சிறு குழந்தைகளிடமும் இம்முறை பயனளித்ததாக 2006-இல் ஆய்வு வந்தது. ஒன்றரை நாள் முன்னதாக நோய் நிற்பது சிறு செய்தியன்று. அது இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டாருக்குத் தெரியும்.

இதே நுண்ணுயிர் உலகை ஜப்பானிய நோயெதிர்ப்பியல் அறிஞர் கென்யா ஹோண்டா வேறு வாசல் வழியாக அணுகினார். பெருங்குடலில் வாழும் சில கிளாஸ்டிரிடியம் இன பாக்டீரியாக்கள், அழற்சியை அடக்கும் வெள்ளணுக்களைப் பெருக்குகின்றன என்று அவரது குழு 2011-இல் எலிகளில் காட்டியது. 2013-இல் அத்தகைய 17 வகைகளை மனித மலத்திலிருந்தே பிரித்தெடுத்தது. வேலூர் ஆய்வில் பேசப்பட்ட அமிலங்களுள் ஒன்றான பியூட்டிரேட்டுக்கும் இப்பணியில் பங்குண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

இதைப் படித்துவிட்டுக் கடையில் கிடைக்கும் சோள மாவைக் கரைத்துக் கொடுத்துவிட வேண்டாம். ஆய்வில் பயன்பட்டது தனி வகை மாவுப்பொருள். பழைய சோறு கொடுக்கலாமா என்றும் கேட்கின்றனர். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுப்பொருள் சற்றுக் கூடுவது உண்மையே. எனினும் சுத்தமில்லாத நீரில் ஊறியிருந்தால் அதுவே நோய்க்குக் காரணமாகலாம். நோயின்போது புதிதாக வடித்த கஞ்சியோ, குழைந்த இட்லியோ போதும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொதித்து ஆறிய நீரில், உறையில் குறித்துள்ள அளவுப்படி முழுவதுமாகக் கரையுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுக்கலாம். இரத்தச் சர்க்கரையை மட்டும் அடிக்கடி பாருங்கள். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு எவ்வளவு என்பதை எங்களிடம் கேட்டறியுங்கள். மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். பெரும்பாலான வயிற்றுப்போக்கிற்கு அது தேவைப்படுவதில்லை, நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அது அழிக்கும்.

மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை, தொடர் வாந்தி, மயக்கம், குழந்தை சோர்ந்து பால் குடிக்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வரலாம். நினைவு தெளிவில்லாதவருக்கு மட்டும் வாய்வழியே எதுவும் கொடுக்கலாகாது.