பதநீரைத் தள்ளும் விசை

பங்குனி வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கும்போதும் பனம்பாளையிலிருந்து பதநீர் சொட்டுகிறது. பனையேறி பாளையின் நுனியை மெலிதாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். அதே பனையில் ஒரு பச்சை மட்டையை வெட்டினால் நீர் கொட்டுவதில்லை. வேர் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதி அந்த மட்டைகள் வழியாகத்தான் ஓலைக்குப் போகிறது. பிறகு ஏன் கொட்டவில்லை?

மரத்துக்குள் பாதைகள் இரண்டு. ஒன்றில் இழுவை, மற்றதில் தள்ளல்.

நீர் ஏறும் பாதை சைலம். செத்துப்போன செல்களின் வெற்றுக் கூடுகள் வரிசையாகச் சேர்ந்த குழாய் அது. ஓலையின் இலைத்துளைகளில் நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் வேர் வரைக்கும் இழுபடுகின்றன. 1894-ல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் இதைச் சொன்னார்கள். உறிஞ்சும் பம்ப் எதுவும் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரமோ 115 மீட்டருக்கு ஏற்றுகிறது. இதற்கு உயிருள்ள செல்லின் உழைப்புகூடத் தேவையில்லை. ஜெர்மனியில் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் வெட்டிய மரங்களை நச்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். வழியிலிருந்த செல்கள் மடிந்த பிறகும் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. இப்படி இழுபட்டு நிற்கும் நீரை வெட்டினால் காற்று உள்ளே புகும், நீர் பின்வாங்கும். மட்டை சொட்டாததற்கு அதுவே காரணம்.

பதநீர் வருவது ஃபுளோயம் என்ற உயிருள்ள பாதையிலிருந்து. ஓலை தயாரித்த சர்க்கரை சல்லடைக் குழாய்களில் ஏற்றப்படுகிறது. சர்க்கரை அடர்ந்ததும் பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் சவ்வூடு பரவி நுழைகிறது, குழாய் விறைக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போலச் சில மடங்கு அழுத்தம் அதற்குள் உருவாகும். சர்க்கரை செலவாகும் இடத்தில் அழுத்தம் குறைவு, எனவே சாறு அந்தப் பக்கம் நகரும். 1930-ல் எர்ன்ஸ்ட் மியுன்க் விரிவாக விளக்கிய இந்த ஓட்டத்தின் வாயைத்தான் பாளை அரிவாள் திறந்துவிடுகிறது.

இதேபோன்ற விறைப்பு ஓலையில் இல்லாவிட்டால் முதல் பாதையும் நின்றுவிடும். இலைத்துளையைக் காக்கும் இரு செல்கள் நீரால் விறைத்தால்தான் துளை திறக்கும், துவண்டால் மூடிக்கொள்ளும்.

வெட்டுப்பட்ட சல்லடைக் குழாய், கேலோஸ் என்ற பொருளால் தன் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தினமும் புதிதாகச் சீவ வேண்டியிருக்கிறது. இதே சாற்றைச் சுத்தமாகச் சேகரிக்க ஆய்வாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1953-ல் கென்னடி, மிட்லர் என்ற இருவர், செடியில் குத்தி நிற்கும் அசுவினியின் ஊசிவாயை நறுக்கி, அதில் கசிந்த துளிகளைச் சேர்த்தார்கள். பனையேறிக்குக் கலயம் கலயமாகக் கிடைப்பது அந்தச் சாறுதான்!

எனக்குப் பெரிய வியப்பு வேறொன்று. வேம்பும் புளியும் தண்டில் புதுப்புது ஃபுளோயத்தை உருவாக்கிக்கொள்ளும். பனைக்கு அந்த வசதி இல்லை. உட்கரு இல்லாத அதே சல்லடைக் குழாய்கள், தண்டு உருவான நாள் முதல் மரம் சாயும் நாள் வரை சர்க்கரை சுமக்கின்றன. பனந்தண்டில் விழுந்த வெட்டு ஒருபோதும் மூடாததும் புதுத் திசு உருவாக்கும் வசதி இல்லாததால்தான்.